மாமா வாங்கிவந்த காளான்

மாமா அதை ஒரு டவலில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 1996 மே மாதம். சிங்கப்பூரிலிருந்து சென்னையில் இறங்கி, ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் திருச்சி வீட்டுக்கு வந்த மனிதர் பல்கூட விளக்கவில்லை. "மாப்ள, நீ கேட்டது வந்திருச்சு" என்று சூட்கேஸைத் திறந்தார். கோடாலித் தைலம், பால் பவுடர், அம்மாவுக்கு ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட். அதற்கடியில் கறுப்பாக, கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒன்று. அட்டைப்பெட்டியை மடித்துத் தனியாக வைத்திருந்தார். அதில் பெரிதாக 32எக்ஸ் என்று போட்டிருந்தது.

நான் கேட்டது அது இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முகத்தை மறைக்கத் தெரியாத வயது. "தேங்க்ஸ் மாமா" என்று சொன்னேன் என அம்மா இன்றுவரை சாதிக்கிறார். சொல்லியிருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய தீபாவளிக்கு மாமா சேகா மெகா டிரைவ் கொண்டுவந்திருந்தார். எங்கள் தெருவில் மற்ற பையன்களிடம் இருந்ததெல்லாம் மஞ்சள் கேசட் போடுகிற எட்டு பிட் டிவி கேம்கள். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று அட்டையில் இருக்கும், எண்ணிப்பார்த்தால் ஆறு தேறும். அதற்கு நடுவில் என் வீட்டில் பதினாறு பிட். இந்தியாவில் மெகா டிரைவை 1995-ல் விநியோகித்தது ஷா வாலஸ். ஆமாம், மதுபானத்துக்குப் பேர்போன அதே ஷா வாலஸ்தான். விலை 18,000 ரூபாய். அரசுப் பள்ளி ஆசிரியரான அப்பா அந்தத் தொகையைக் கேட்டால் சிரித்துவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொள்வார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த மாமாவால்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது.

சோனிக் ஓடியபோது எங்கள் டிவி அதுவரை காட்டாத ஒரு வேகத்தைக் காட்டியது. உள்ளே இருந்தது மோட்டோரோலா 68000 சிப், ஏழரை மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. சத்தத்துக்கு யமஹாவின் எஃப்எம் சிப். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் சேகா ஆள். யாராவது மாரியோ என்றால் சண்டைக்குப் போவேன். ரஜினி, கமல் மாதிரிதான். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் மாறவும் முடியாது.

அடுத்த வருடம் மாமா அனுப்பிய ஒரு பார்சலில் பழைய ஆங்கில கேம் பத்திரிகை ஒன்று இருந்தது. அதில் சேகா சாட்டர்ன் என்ற புது மெஷினும், அதில் ஓடும் விர்ச்சுவா ஃபைட்டர் 2-ம். படத்தை வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டிவைத்துக்கொண்டேன். அதனால்தான் மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் படத்தை வைக்க மனம் வரவில்லை. இப்படி மட்டும் எழுதினேன்: "மாமா, சேகா கம்பெனியில் புதுசாக 32 பிட் வந்திருக்கிறது. அதை வாங்கிவரவும்."

மாமா கடைக்குப் போய் அதைத்தான் கேட்டிருக்கிறார். சேகா. புதுசு. 32. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டியில் சேகா என்று இருந்தது. 32 என்றும் இருந்தது. விலையும் குறைத்துப் போட்டிருந்தார்களாம்.

*

அந்தப் பெட்டி ஏன் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

1994 ஜனவரி. அட்டாரி தன் ஜாகுவாரை இறக்கியிருந்த நேரம். சேகாவின் தலைவர் ஹயாவோ நகயாமா, அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தையில் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கிளைக்குச் சொல்கிறார். மெகா டிரைவையே கொஞ்சம் மேம்படுத்திப் புது மெஷினாக விடலாம் என்பது ஜப்பானிலிருந்து வந்த முதல் யோசனை. அமெரிக்கக் குழுவில் இருந்த ஜோ மில்லர், அதற்குப் பதில் ஏற்கெனவே மெகா டிரைவ் வைத்திருப்பவர்கள் அதன்மேல் செருகிக்கொள்ளும் ஒரு துணைக்கருவியாகச் செய்யலாம் என்கிறார். திட்டத்துக்கு மார்ஸ் என்று பெயர். ஹிட்டாச்சியின் எஸ்ஹெச்-2 சிப் இரண்டு, தலா 23 மெகாஹெர்ட்ஸ். நவம்பரில் 159 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. பத்தே மாதம். ஹார்ட்வேரில் பத்து மாதம் என்றால் என்ன என்று அந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

அதே நவம்பரில் ஜப்பானில் அதே சேகா சாட்டர்னை வெளியிட்டது. அதிலும் எஸ்ஹெச்-2 சிப் இரண்டு. கொஞ்சம் கூடுதல் வேகம், 28 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. ஒரே கம்பெனி, ஒரே மாதம், ஒரே சிப், இரண்டு மெஷின். இதில் ஓடுவது அதில் ஓடாது.

இந்த இடத்தை முதன்முதலாகப் படித்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஈசிஇ மூன்றாம் வருடம். மைக்ரோபிராசசர் லேபில் 8085 போர்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவேளை 32எக்ஸ் கேசட்டுகளை சாட்டர்னில் போட முடியுமோ, எனக்குத்தான் தெரியாமல் போனதோ என்று தேடினேன். சாட்டர்னின் மேல்பக்கம் கேசட் சொருகுகிற மாதிரி ஒரு வாய்கூட உண்டு. அது மெமரி கார்ட்ரிட்ஜுக்காம். 32எக்ஸ் கேசட்டுக்கு அங்கே இடமில்லை.

32எக்ஸை வாங்கியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வழியில் போகிறவர் வாங்க மாட்டார், ஏனென்றால் மெகா டிரைவ் இல்லாமல் அது வெறும் பிளாஸ்டிக். ஏற்கெனவே சேகா வைத்திருப்பவர், அதிலும் ஐந்து வருடம் பழசான மெஷினை இன்னும் கைவிடாதவர்தான் வாங்குவார். அவர்களிலும் சிலர் 1992-லேயே 299 டாலர் கொடுத்து சேகா சிடியை வாங்கி அடியில் மாட்டியிருப்பார்கள். மூன்றையும் மாட்டினால் மூன்று அடாப்டர், மூன்று பிளக். எங்கள் வீட்டில் இரண்டுதான். அதற்கே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இடம் போதாமல் அம்மாவின் மிக்ஸி பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது. வீடியோவுக்கு வேறு மெகா டிரைவிலிருந்து காளானுக்கு ஒரு ஒயர், காளானிலிருந்து டிவிக்கு ஒரு ஒயர். (சொருகியபின் அது காளான் மாதிரித்தான் இருக்கும். உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் போல. நாங்களாகவும் அதே பெயரைத்தான் வைத்தோம்.)

ஆக, இருப்பவர்களிலேயே அதிக விசுவாசமான ஆட்களைப் பொறுக்கியெடுத்து, அவர்களுக்கென்று பிரத்தியேகமாக ஒரு முட்டுச்சந்தைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு வந்த கேம்கள் மொத்தம் சுமார் நாற்பது. 1996-க்குள் கதை முடிந்துவிட்டது. மாமா வாங்கிய அன்றைக்கே அது இறந்த மெஷின்.

*

இனி சாட்டர்ன். அதைப் பற்றி எனக்குள் இரண்டு பேர் பேசுவார்கள்.

பொறியாளன் அதைக் காதலிக்கிறான். இரண்டு எஸ்ஹெச்-2. வீடியோவுக்குத் தனித்தனியாக இரண்டு சிப்: ஒன்று உருவங்களை வரைய, இன்னொன்று பின்னணிகளை அடுக்க. சத்தத்துக்கு ஒரு 68000 குடும்பத்துச் சிப். சிடி டிரைவைப் பார்த்துக்கொள்ள ஒரு எஸ்ஹெச்-1. எல்லாம் சேர்த்து எட்டு பிராசசர் என்று கணக்கு சொல்வார்கள். 2டி ஆட்டங்களில் அன்றைக்கு வீட்டு மெஷின்களில் அதை அடிக்க ஆளில்லை. ஒரு சாட்டர்ன் போர்டைக் கையில் வைத்துப் பார்த்தால் கல்யாண வீட்டு அடுக்களை மாதிரி இருக்கும். அத்தனை பேர், அத்தனை வேலை.

ஆனால் அந்த அடுக்களையில் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். இரண்டு சிபியுவும் ஒரே மெமரி பஸ்ஸைப் பகிர்ந்துகொண்டன. ஒருவர் குழாயடியில் நின்றால் மற்றவர் குடத்தோடு காத்திருக்க வேண்டும். இரண்டு சமையல்காரருக்குச் சம்பளம் கொடுத்து ஒன்றேகால் ஆள் வேலையை வாங்குகிற கதை. குழாய்ப் பக்கம் போகாமல், கையில் இருப்பதை வைத்தே இரண்டாமவர் வேலை செய்யும்படி நிரல் எழுதுபவர்தான் பிழைப்பார். விர்ச்சுவா ஃபைட்டரை உருவாக்கிய யூ சுசுகியே, வேகமான ஒற்றைச் சிபியு இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். சேகாவின் சொந்த வீட்டு ஆள் அவர். வெளியாட்களின் பாடு என்ன? இதற்கு மேல், பிளேஸ்டேஷன் முக்கோணங்களால் உருவங்களைக் கட்ட, சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. அங்கே எழுதியதை இங்கே கொண்டுவருவது பெயின்ட் அடித்த வீட்டைச் செங்கல் செங்கல்லாகப் பிரித்து வேறு ஊரில் கட்டுவது.

ரசிகனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. கஷ்டமான மெஷின் என்றால் பொறுத்துக்கொள்வான். அவனுக்குக் கோபம் வேறு இடத்தில்.

1995 மே 11, லாஸ் ஏஞ்சலீஸ், முதல் ஈ3 கண்காட்சி. சேகா அமெரிக்காவின் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறுகிறார். சாட்டர்ன் செப்டம்பர் 2 அன்று வரும் என்று ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் சொன்னது: இன்றைக்கே வந்துவிட்டது, நான்கு கடைக் குழுமங்களில் கிடைக்கும், விலை 399 டாலர். மற்ற கடைக்காரர்களுக்கு அதுவரை தெரியாது. செப்டம்பரை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்த கேம் நிறுவனங்களுக்கும் தெரியாது. பட்டியலில் விடுபட்ட கேபி டாய்ஸ் சேகா சரக்கே வேண்டாம் என்று ஒதுக்கியது. அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார்: 299.

கலின்ஸ்கிக்கே அந்த முடிவில் விருப்பமில்லை, ஜப்பானிலிருந்து வந்த உத்தரவு என்று பின்னாளில் வந்த பேட்டிகள், புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. இருக்கட்டும். ஆனால் 32எக்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு அமெரிக்கப் பையனை நினைத்துக்கொள்வேன். அவன் அன்று மாலைச் செய்தியில் இதைப் பார்த்திருப்பான். அவன் எந்த ஊரோ, என்ன பெயரோ. எனக்கு அவன் பங்காளி.

*

ட்ரீம்காஸ்டைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டேன், ஆகவே சுருக்கமாக. 1999 செப்டம்பர் 9, அமெரிக்காவில் 199 டாலர். ஒரே ஒரு எஸ்ஹெச்-4, 200 மெகாஹெர்ட்ஸ். பவர்விஆர் கிராஃபிக்ஸ். உள்ளேயே மோடம். நிரல் எழுதுபவர்களுக்கு எளிது. சாட்டர்னில் செய்த தப்பை எல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து பட்டியல் போட்டுத் திருத்திய மாதிரி இருக்கும். டிவிடி இல்லாதது ஒரு குறை. சாதாரண சிடியில் எழுதிய பிரதியும் ஓடிவிடுகிற ஓட்டை இன்னொன்று. (வேலைக்குச் சேர்ந்தபின் செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கினேன். என்னிடம் இருந்த டிஸ்குகளில் பாதி எந்த வகை என்று கேட்காதீர்கள்.) ஆனால் பெரிய கம்பெனியான ஈஏ கடைசிவரை அந்தப் பக்கம் வரவில்லை. 2000-ல் பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? சேகா சிடி, 32எக்ஸ், சாட்டர்ன் என்று மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள், நாலாவது முறை பாத்திரம் ஆறியிருந்தாலும் தொட மாட்டார்கள்.

2001 ஜனவரி 31 அன்று சேகா தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, சாலை ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில். அதே ஆண்டு முடிவில் சோனிக் நின்டெண்டோவின் கேம்க்யூபில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது, நாம் போஸ்டர் ஒட்டிய தலைவர் எதிர்க்கட்சி மேடையில் துண்டு போட்டுக்கொண்டு சிரிப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. மீதி இருந்த இருபது நிமிடத்தைப் பக்கத்து சீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

*

இந்தக் கோபத்தோடு சௌகரியமாக இருந்திருப்பேன், 2017 வராமல் போயிருந்தால்.

அப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். கடைகளில் பில் போடுகிற சின்ன மெஷின்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். அந்த ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. நாட்டில் உள்ள கடைக்காரர்கள் எல்லாம் பில்லை மாற்ற வேண்டும். எங்கள் பழைய மாடலின் மெமரி அதற்குப் போதாது. புது மாடல் தயாராக இன்னும் ஏழெட்டு மாதம். அதுவரை என்ன செய்வது? பழைய மெஷினின் பக்கவாட்டில் செருகுகிற ஒரு மாட்யூல் செய்து விற்கலாம் என்று மீட்டிங்கில் முடிவானது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். முடித்தோம். அதன் பூட்லோடரை எழுதியவன் நான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. இருக்கிற 256 கேபியில் இன்னொருவர் அதைச் செய்திருப்பார்களா என்று இன்றும் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

புது மாடலில் அந்த மாட்யூல் சேராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கனெக்டரே வேறு. மீட்டிங்கில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான்.

அடுத்த வருடம் ஏப்ரலில் பழைய மாடலுக்கு சப்போர்ட் நிறுத்தம் என்று சுற்றறிக்கை போனது. சப்போர்ட் டீமால் சமாளிக்க முடியாத அழைப்புகளைச் சில நாள் எங்களுக்கும் திருப்பிவிட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர். குரலில் கோபமே இல்லை.

"தம்பி, இந்த சைடுல மாட்டுற பெட்டிய ஆறு மாசம் முன்னாடிதான வாங்குனேன். புது மெசினு வாங்குனா இத அதுல மாட்டிக்கிறலாமா?"

"இல்லீங்க சார், அதுல சேராது."

"அப்ப இத என்ன தம்பி செய்ய?"

பதில் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்குப் பத்து சதவிகிதம் தள்ளுபடி என்று. வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு, "சரி தம்பி, எங்க பயலுக்கு இதெல்லாம் தெரியும், கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

அன்றிரவு 32எக்ஸ் குழுவைப் பற்றி வேறு மாதிரி யோசித்தேன். பத்து மாதத்தில் ஒரு மெஷினைக் கட்டியவர்களுக்கு சாட்டர்ன் பற்றித் தெரிந்தே இருந்திருக்கும். அதே சிப்பைத்தான் அவர்களும் கையாண்டார்கள். அவர்களில் ஒருவராவது, தன் பூட் கோடு ஓடிய சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பார். எனக்குத் தெரியும், நான் தூங்கினேன்.

இதனால் சேகா மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. போகவில்லை. முன்பு அந்தக் கோபத்தில் நான் கடைக்கு வெளியே நின்றேன். இப்போது பாதி உடம்பு கல்லாவுக்கு உள்ளே இருக்கிறது.

*

மாமா சிங்கப்பூரை விட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மன்னார்குடியில் வீடு கட்டி இருக்கிறார். கண்ணில் வெல்டிங் பார்த்த எரிச்சல் இன்னும் உண்டு, வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே மெகா டிரைவும் காளானும். திருச்சி வீட்டை விற்றபோது அம்மா கொடுத்தனுப்பியதாம். நான் எங்கோ தொலைந்ததென்று நினைத்து, ஆன்லைனில் அதே 32எக்ஸைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்பதை மாமாவிடம் சொல்லவில்லை.

வேறொன்றைச் சொன்னேன். "மாமா, அன்னைக்கு நான் கேட்டது இது இல்ல."

"தெரியும்டா. உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அக்காதான் ஒண்ணும் கேக்காத, பய அழுவான்னுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நீ கேட்டது என்ன விலைடா இருந்திருக்கும்?" என்றார்.

சொன்னேன். கையால் காற்றை விரட்டிவிட்டு, "அது சரி, அப்பவும் இதான் வந்திருக்கும்" என்று சிரித்தார்.

மாட்டிப் பார்க்கலாம் என்றார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போகிற இடம் அவர் டிவியின் பின்னால் இருந்தது. அடாப்டர் இரண்டும் பெரிய கட்டிகள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒன்று மாட்டினால் அடுத்த ஓட்டையை மறைத்தது. மாமா உள்ளே போய் இன்னொரு பாக்ஸ் எடுத்து வந்தார். கேசட்டின் அடியை வேட்டி நுனியால் துடைத்து, ஊதி, அவரே சொருகினார். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. விர்ச்சுவா ரேசிங் டீலக்ஸ். அவர் காளானோடு சேர்த்து வாங்கிவந்த ஒரே கேசட்.

கன்ட்ரோலரை அவரிடம் நீட்டியபோதுதான் நினைத்துப் பார்த்தேன். இந்த முப்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூட இதை ஆடியதில்லை. அந்த மே மாதம் அவர் எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தார். தினமும் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் கொடுத்ததில்லை.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். கார் கிளம்பியது. முதல் வளைவிலேயே புல்லில் இறங்கி, திரும்பி, எதிர்த் திசையில் போனது. பிறகு எப்படியோ ரோட்டுக்கு வந்துவிட்டார். ஓரமாக ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. "அட, ராட்டினமெல்லாம் வச்சிருக்கான் பாரு" என்று அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சுவரில் மோதினார்.

"இதுல பிரேக் எதுடா?" என்றார்.